படுக்கையிலிருந்து மேசைக்கு இரண்டு கிலோமீட்டர்

படுக்கையறைக்கும் வேலை மேசைக்கும் நடுவே இருந்த பதினொரு அடி நடைவழி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நீளமாக இருந்தது. அன்று பால் வழக்கம்போல வந்தது. மாடிவீட்டுக் குழாய் வழக்கம்போல ஒழுகியது. வெளியே நின்று பார்த்தால் வீடும் பழைய அளவுதான். பின்சுவருக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு பூனை மட்டும் ஒருக்களித்துப் போகக்கூடிய சந்து அப்படியே இருந்தது. பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடி அந்த வீட்டுக்காரி நடைவழியின் மறுமுனையைப் பார்த்தாள். அவளுடைய மேசை கடுகளவு தெரிந்தது. இன்றைக்கு வேலைக்குத் தாமதமாகிவிடும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அவள் சொல்லடைவு தயாரிப்பவள். தடித்த புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பெரும்பாலும் புத்தகத்தை எழுதியவர் தயாரிப்பதில்லை. இவளைப் போல யாரோ ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படித்து, சொல்லுக்கு ஓர் அட்டை எழுதி, அடுக்கித் தருகிறாள். கணினி சொல்லைத் தேடும், பொருளைத் தேடாது என்பது அவள் கட்சி. வீட்டிலிருந்தே வேலை என்று ஆன முதல் மாதம் அட்டைகள் மேசையில்தான் இருந்தன. பிறகு வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று சாப்பாட்டு மேசைக்கு வந்தன. அங்கிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து துவைக்கும் இயந்திரத்தின் மூடிக்கு. மூன்றாம் வருடத்தில் 'க' வரிசை கரண்டிகளோடு இருந்தது, 'ம' வரிசை போர்வைகளுக்கு அடியில். கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை அவள் கையில் ஓர் அட்டை இருந்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு முப்பது பக்கம் தாண்டவில்லை. சாம்பாரைக் கிளறும்போது வேலையை நினைத்தாள், வேலையின்போது அடுப்பை நினைத்தாள். இரண்டும் அடிப்பிடித்தன.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊரை மேலும் கீழும் ஏற்றி இறக்கிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவான். "இந்த நாற்காலியில நான் உட்காரலாமா, இல்ல எழுத்து யாராச்சும் உட்கார்ந்திருக்காங்களா?" என்று ஒருமுறை கேட்டான். அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். எதற்கும் எதிர்வாதம் வைத்திருந்ததால் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

வக்கீலின் குரல்தான் ஒரு நாள் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆயிரத்து நூறு பக்கம் கொண்ட ஒரு கால்நடை மருத்துவ நூல், இரண்டாயிரம் பிரதி அச்சாகி, கட்டப்பட்டு, அனுப்பப்பட்ட பிறகு, பதிப்பகத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், ஒரு மாட்டு டாக்டர் லெட்டர் போட்டிருக்காரு. நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல யாரு யாரைக் கேக்குறாங்கன்னு கேக்குறாரு." அவள் சொல்லடைவைத் திறந்து பார்த்தாள். அம்மை நோய்க்கு நேர்மேலே, அகர வரிசைப்படி மிகச் சரியான இடத்தில், இப்படி இருந்தது: 'அம்மா, கேக்குறியா இல்லையா, 412, 418, 433–437.'

மேலாளர் சிரித்தார், சிரித்து முடித்ததும் சிரிக்காமல் பேசினார். தாவரக் கலைக்களஞ்சியம் ஒன்று ஐந்து தொகுதிகளாக வரப்போகிறது, அதை இவளுக்குத்தான் வைத்திருக்கிறார், இன்னொரு முறை இப்படி ஆனால் அது வேறு ஆளிடம் போகும். அவளைக் குத்தியது அதுவல்ல. 433 முதல் 437 வரை ஐந்து பக்கம். அவள் வேகத்தில் அது ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரம் குழந்தை பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். இவளுக்குக் காதில் விழுந்திருக்கிறது, குறித்துக்கொண்டிருக்கிறாள், பதில் மட்டும் சொல்லவில்லை. அன்று திங்கட்கிழமை. மறுநாள் காலையில்தான் நடைவழி நீண்டிருந்தது. கூடவே, வீடெங்கும் கிடந்த அட்டைகள் ஒன்றுவிடாமல் அந்தக் கடைக்கோடி மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

முதல் நாள் வீட்டுச் செருப்போடு நடந்து பாதத்தில் கொப்புளம் கண்டது. போக இருபத்தாறு நிமிடம். அதே பழுப்புத் தரைக்கல், அதே சுவர். வக்கீல் எப்போதோ பென்சிலால் கிறுக்கிய ஒரு கோடு இப்போது முந்நூறு மீட்டருக்கு உடன் வந்தது. இரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடியை மறந்து திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் ஒரு டீக்காகத் திரும்பி வந்தாள். டீ குடித்து மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு டீ வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவன் அளவு நாடாவோடு குனிந்து குனிந்து அளந்தான். "ரெண்டாயிரத்து மூணு மீட்டர். லிஃப்ட் ஷாஃப்ட்டப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு. பயப்படாத, நேராத்தான் இருக்கு. கோணினாத்தான் வம்பு," என்றான். நகராட்சியிலிருந்து ஒரு நில அளவையாளர் வந்தார். வெளியே அளந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். "வெளியில இருக்கிறதுதான் எங்க பொறுப்பு. உள்ள இருக்கிறது குடும்ப விஷயம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது வாரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தலை வாரிக்கொண்டாள், பல வருடமாகப் பத்து மணிக்கு முன்னால் வாராத தலை. நல்ல ஷூ ஒன்று வாங்கினாள். சாப்பாட்டு டப்பா, பிளாஸ்க், ஒரு மெல்லிய சால்வை. சால்வை எதற்கென்றால், தொள்ளாயிரமாவது மீட்டருக்கு அருகே எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு காற்று வீசும். நடக்க நடக்கச் சொற்கள் தாமாக வரிசையில் வந்து நின்றன. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் யாரும் கூப்பிட முடியாது, அடுப்பை எட்டிப் பார்க்க முடியாது, ஃப்ரிட்ஜைச் சும்மா திறந்து மூட முடியாது. பதினொரு மணிக்கு எழுந்து ஜன்னலோரம் நின்றாள், ஒரு மணிக்குச் சாப்பிட்டாள், ஐந்து மணிக்குப் பேனாவை மூடினாள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பக்கம் முடிந்தது. திரும்பும் வழியில் செடிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாதி வழியில் பக்க எண்கள் போயின. சமையலறை வாசலுக்கு வரும்போது அவளிடம் பசி மட்டும் மிச்சமிருந்தது.

ஆயிரமாவது மீட்டரில் வக்கீல் சைக்கிளோடு காத்திருப்பாள். அங்கிருந்து வீடுவரை பள்ளிக்கூடத்து வழக்குகள் நடக்கும். யார் யாருடைய ரப்பரை எடுத்தது, டீச்சர் ஏன் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சர்க்கரை நோயுள்ள பக்கத்து வீட்டுத் தையல்காரி தானும் காலையில் நடந்துகொள்ளலாமா என்று கேட்டாள். "ஒன்பது மணிக்குள்ள முடிச்சுக்குங்கக்கா. ஆபீஸ் நேரத்துல கூட்டம் வேணாம்," என்று அம்மா அனுமதி தந்தாள். பத்து மாதத்தில் நான்கு தொகுதிகள் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தன.

ஐந்தாவது தொகுதியில்தான் சறுக்கினாள். சொன்ன தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாக வேண்டும் என்றார் மேலாளர். அவள் முடியாது என்று சொல்லவில்லை. அன்று மாலை நாற்பது அட்டைகளைச் சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாற்பதுதானே, கட்டிலில் உட்கார்ந்து அடுக்கிவிடலாம். மறுநாள் காலை வேலைக்குப் போக இருபத்து மூன்று நிமிடமே ஆனது. நடை வேகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அறுபது அட்டை, இருபது நிமிடம். வீடு தனக்கு ஒத்துழைப்பதாகவே அவளுக்குப் பட்டது. வக்கீல் காத்திருந்த ஆயிரமாவது மீட்டர் ஒரு நாள் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் மேசை இருந்தது. பத்தாம் நாள் நடைவழி பழையபடி பதினொரு அடியாகி, அட்டைகளெல்லாம் கட்டிலுக்கும் கரண்டிகளுக்கும் திரும்பிவிட்டிருந்தன. அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். போகிற வருகிற ஐம்பத்திரண்டு நிமிடம் மிச்சம்.

அன்று மாலை ஏழு மணிக்கு, சமையலறையில் நின்று மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வக்கீலின் அறை சமையலறைக்கு அடுத்தது; எட்டடி. பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டுத் தட்டை வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், அதன் பிறகு மிக மெல்லியதாக ஒரு "என்னா?" வந்தது. கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "குரல் போக ஆறு நொடி, வர ஆறு நொடி," என்றான். "அப்படின்னா ரெண்டு கிலோமீட்டர். அது எங்கயும் போகல. இடம் மாறி நிக்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். மகளின் அறைக்கதவு கடுகளவு தெரிந்தது. ஓர் அட்டையைக் கையில் பிடித்தபடியே நடக்கத் தொடங்கினாள். அரைமணி நடந்தும் கதவு கிட்டத்தில் வரவில்லை. கையிலிருந்த அட்டையில் ஏதோ ஒரு கொடியின் பெயர் இருந்தது. அது எந்தப் பக்கம் என்று யோசித்தாள், கதவு இன்னும் கொஞ்சம் சிறியதாயிற்று. அதைக் கண்ணால் கண்டாள். அட்டையைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள். அதன் பிறகு இருபத்தாறு நிமிடம்தான்.

வக்கீல் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடா எழுதுற?"

"அடைவு. என் டைரிக்கு."

இவ்வளவு தூரத்தை நீ எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வந்தாய் என்று கேட்க வந்தவள் மேசைமேல் கிடந்ததைப் பார்த்தாள். சிறுசிறு அட்டைகள், சுத்தமான கையெழுத்து. தொழில்காரியின் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'அப்பா, 2, 3, 5–9, 11.' சரி. 'அம்மா, பார்க்க: வேலை.' அவள் அட்டைகளைத் தள்ளி 'வ' வரிசைக்குப் போனாள். 'வேலை, பார்க்க: அம்மா.'

சொல்லடைவுத் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒரு சொல் இன்னொன்றைக் காட்ட, அது திரும்ப முதல் சொல்லையே காட்ட, நடுவில் ஒரு பக்க எண்கூட இல்லாமல் வாசகரைச் செக்குமாடாகச் சுற்றவிடுவது.

"இது தப்புடா," என்றாள். "இப்படிச் சுத்த விட்டா, தேடி வர்றவங்க எங்க போய்ச் சேருவாங்க?"

"அதான்மா நானும் கேக்குறேன்," என்றாள் வக்கீல்.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டைரியில் நூற்று நாற்பது பக்கம் இருந்தது. முழுவதையும் வக்கீல் உரக்கப் படித்துக் காட்டினாள். கணவன் மூன்று தட்டுகளையும் சைக்கிளில் வைத்து எடுத்துவந்தான். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் காலை மேலாளரை அவளே அழைத்தாள். ஐந்தாம் தொகுதி முதலில் ஒத்துக்கொண்ட தேதிக்கு வரும், அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வராது என்றாள். "அப்ப நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும் மேடம்," என்றார் அவர். "பாருங்க சார். நாலு தொகுதி ஒரு கை, அஞ்சாவது இன்னொரு கைன்னா செடிக்கே தெரிஞ்சுபோயிடும். நான் தேதியில தர்றேன், தப்பில்லாமத் தர்றேன். அஞ்சு மணிக்கு மேல என்னைக் கூப்பிட்டா எடுக்க மாட்டேன். நான் வழியில இருப்பேன்." மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. மேலாளர் நாட்காட்டியைப் புரட்டியிருக்க வேண்டும். "சரி, அந்தத் தேதிக்கே அனுப்பிடுங்க," என்றார்.

வீட்டிலிருந்த அட்டைகளை மூன்று பேரும் சேர்ந்து பொறுக்கினார்கள். கட்டிலடி, கரண்டிப் பெட்டி, போர்வை மடிப்பு, ஒன்று விடவில்லை. ஆளுக்கொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு மேசையை நோக்கி நடந்தார்கள். பதினொரு அடி தூரத்தைக் கடக்க இருபத்தாறு நிமிடம் ஆனது. காலடியில் தரைக்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்துகொண்டே இருந்தன. "நேராத்தான் வருது," என்று கணவன் திருப்திப்பட்டுக்கொண்டான். திரும்பி வந்தபோது வக்கீலின் அறை சமையலறைக்குப் பக்கத்தில், எட்டடியில் இருந்தது.

கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அதன் பிறகு நாணயங்களைப் பற்றி ஒன்று, பாலங்களைப் பற்றி மூன்று, எலும்பு முறிவைப் பற்றி ஒன்று. அவள் இரண்டு ஜோடி ஷூக்களைத் தேய்த்தாள். தையல்காரிக்குச் சர்க்கரை இறங்கியது. ஆறு வருடம் கழித்து ஒரு மாலை, குடும்பக் கணக்கெடுக்க ஒருவர் படிவங்களோடு வந்து வாசல் மணியை அடித்தார். பதினைந்து வயது வக்கீல் கதவைத் திறந்து, அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, வந்துகொண்டிருக்கிறார், கேள்விகளைத் தன்னிடமே கேட்கலாம் என்றாள். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவின் வேலை? சொல்லடைவு. வேலை செய்யும் இடம்? வீடு. வேலைக்குச் செல்லும் தூரம்?

"ரெண்டு கிலோமீட்டர், மூணு மீட்டர்."

கணக்கெடுப்பவர் பேனாவை நிறுத்தினார். "வீட்லதான் வேலைன்னு சொன்னியேம்மா?"

"வீட்லதான் சார்."

"வீட்லன்னா பூஜ்யம்னுதானே போடணும்."

"பூஜ்யம் போட்டுப் பாத்தாச்சு சார். ஒத்து வரல."

அவர் தலையை நீட்டி நடைவழியைப் பார்த்தார். தூரத்தில் கடுகளவு ஏதோ அசைந்தது. அது மிளகாகி, புளியங்கொட்டையாகி, சால்வை போர்த்திய ஒரு பெண்ணாகி, ஐந்து இருபத்தாறுக்கு வந்து சேர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றியது. "வாங்க சார், ரொம்ப நேரமாச்சா?" என்றாள் அவள். அவர் இல்லையென்று தலையாட்டி, தூரத்துக்கான கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். மூன்று மீட்டருக்குப் படிவத்தில் இடமில்லை என்று வக்கீலிடம் விளக்கம் சொன்னார். பிறகு, நடந்தா வண்டியிலா என்று கேட்டு, 'நடந்து' என்பதற்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.