பொலிவியாவில் ஓர் அலுமாரி

கண்டி மஹய்யாவயிலிருந்து பொலிவியாவுக்குப் போனவர் எவரும் இல்லை. அந்த நாட்டை நான் பிடித்ததற்கு அதுதான் காரணம். டுபாய் என்று போட்டிருந்தால் பத்து வீட்டுக்கு ஓர் ஆள், "நான் அங்கதான இருக்கேன், எந்த ரோட்டுல?" என்று கேட்டு மானத்தை வாங்கியிருப்பான்.

பகலில் கண்டி டவுனில் ஸாகி நானாவின் கடையில் போன் திருத்துகிறேன். மீதி நேரத்தில், உண்மையைச் சொன்னால் திருத்துகிற நேரத்திலும், 'அடேங்கப்பா உலகம்' என்ற பேஸ்புக் பக்கத்தை நடத்துகிறேன். ஜப்பானின் சதுர வத்தகப்பழம், ஆஸ்திரேலியாவின் இளஞ்சிவப்பு ஏரி, அலாஸ்காவில் ஊர்த்தலைவராக வைத்துக் கொண்டாடப்பட்ட பூனை. தினமும் ஐந்து அதிசயம் என்று எந்த வேளையில் வாக்குக் கொடுத்தேனோ, அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பிடும்போதும் ஒரு விரல் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். நான்தான் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை நான்கு அதிசயங்கள்தான் கிடைத்தன. ஐந்தாவதற்காக உலகம் முழுக்கத் தேடிக்கொண்டு வாசலில் நின்றபோது, தலைக்கு மேலே பெரியதம்பி அண்ணனின் புது அலுமாரி போய்க்கொண்டிருந்தது.

எங்கள் சந்தின் அகலம் ஒன்றரை ஆள். படி இறங்கி, சாக்கடைக் கானைத் தாண்டி, இரண்டு இடத்தில் திரும்ப வேண்டும். கேஸ் சிலிண்டர் வரும். கட்டில், கழற்றினால் வரும். அலுமாரி வராது. அதனால் பெரிய சாமான்கள் மேல் ரோட்டிலிருந்து கூரை வழியாக வரும். தகரத்தில் கண்ட இடத்தில் கால் வைத்தால் ஆள் நேராக அடுப்படியில் போய்த்தான் நிற்பான். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒருவர் நின்று, அடியில் மரச்சட்டம் ஓடும் இடத்தை விளக்குமாற்றுக் கட்டையால் தட்டிக் காட்டுவார். மேலே இருப்பவர்கள் அந்தச் சத்தத்தின் மேல் கால் வைப்பார்கள். டொக், ஓர் அடி. டொக், அடுத்த அடி. இப்படி ஒன்பது வீடு.

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதிசயமாகத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு அவசரத்துக்குத் தோன்றியது. படம் பிடித்தேன். கண்டி என்று போட்டால் எவன் பார்ப்பான்? 'பொலிவியா மலை நகரில் கூரைமேல் நடக்கும் அலுமாரி' என்று தலைப்பு வைத்து, எங்கள் ஆட்களின் சத்தம் கேட்காமலிருக்க ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டேன்.

புதன்கிழமை பகலுக்குள் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "பொலிவியாவுல தண்ணி டேங்க்ல சிங்களத்துல எழுதியிருக்காங்களே, அடேங்கப்பா!" என்று எழுதினார். அதை அழித்தேன். இன்னொருவர் அதையே கேட்டார். அதையும் அழித்தேன். இப்படியே, நான்கு மணிக்குத் தருவதாகச் சொன்ன ஒரு போனின் திரையை ஆறு மணிவரை மாற்றாமல் அழித்துக்கொண்டிருந்தேன்.

"கணபதி, ஒங்கட ஒலகம் என்ட கடைய மூட வெச்சிடும் போல ஈக்கி," என்றார் ஸாகி நானா.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு சிந்துஜா கடைக்கு வந்தாள். எங்கள் சந்தில் இரண்டாவது வீடு, பாப்பம்மா அக்காவின் மகள். அம்பிட்டியவில் ஒரு கிளினிக்கில் வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்து உட்கார வைக்கும் வேலை. அலுமாரி வந்த அன்று லீவில் இருந்தவள், கழற்றிய கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் முன்னால் நடந்தவள் அவள்தான். வீடியோவில் வீட்டுச் சட்டை, தலையில் துவாய்.

"அண்ணே, அத அழிங்க."

"எத?"

"பொலிவியாவ."

அவள் போனை நீட்டினாள். கலகெதரயிலிருந்து ரவிகுமார் அனுப்பியிருந்தான். மருந்துக் கம்பெனி ரெப். கிளினிக்குக்கு வந்து போய்ப் பழக்கமாகி, இப்போது கல்யாணப் பேச்சுவரை வந்திருக்கும் பையன். அவனுடைய தங்கை சுதர்சினி குடும்ப குரூப்பில் என் வீடியோவைப் போட்டு, 'அண்ணி மாதிரியே ஒரு பொலிவியாப் பொண்ணு!' என்று எழுதியிருந்தாள். கீழே சிரிக்கும் மூஞ்சிகள் இருபது. அவனுடைய அம்மா மட்டும், 'மூக்குகூட அப்படியே இருக்கே' என்று எழுதியிருந்தார்.

"இதுல என்னா? நீதான்னு சொல்லிட்டா முடிஞ்சுது," என்றேன்.

"சொல்ல முடியாதுண்ணே. அவங்களுக்கு நான் அம்பிட்டிய பொண்ணு."

ஸாகி நானா கதிரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. எங்கள் விலாசம் போட்டு இரண்டு இடத்தில் வேலை கேட்டாளாம், மஹய்யாவச் சந்து என்று பார்த்ததும் கூப்பிடவே இல்லை. மூன்றாவது தடவை சின்னம்மாவின் அம்பிட்டிய விலாசத்தைப் போட்டாள், கூப்பிட்டார்கள். வேலை இடத்தில் சொன்னதையே ரவிகுமாரிடமும் சொன்னாள்.

"வேலை முடிஞ்சு அவரு பைக்ல கொண்டுவந்து சின்னம்மா வீட்டு கேட்ல எறக்குவாரு. உள்ள போயி, பைக் சத்தம் போனதும் வெளிய வந்து பஸ் புடிச்சு மஹய்யாவ வருவேன். ஒன்றரை வருஷமாண்ணே. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. அம்பிட்டியவுக்கு."

உடனே அழித்தேன். அழித்துவிட்டு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தேன். பிறகு தேடிப் பார்த்தால், வேறு எட்டுப் பக்கங்களில் எங்கள் அலுமாரி நடந்துகொண்டிருந்தது. ஒன்றில் நேபாளம். ஒன்றில் வியட்நாம். ஒரு மகராசன் என் புல்லாங்குழல் பிடிக்காமல் அதை எடுத்துவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த பழைய சத்தத்தையே போட்டிருந்தான். முதலில் அவசரத்தில் சத்தத்தோடேயே ஏற்றி, ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டுத்தான் புல்லாங்குழலைப் போட்டேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்பதாவது வினாடியில் சிந்துஜாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "பாத்துண்ணே, கண்ணாடி, கண்ணாடி!"

"பொலிவியாவுல நல்லாத் தமிழ் பேசுறாங்க," என்றார் ஸாகி நானா.

சும்மா இருந்திருக்கலாம். என்னால் சும்மா இருக்க முடியாது என்பதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பயப்படாத, நான் சரிக்கட்டுறேன்," என்று சொல்லி, 'உலகில் உங்களைப் போலவே ஏழு பேர் இருக்கலாம்!' என்று ஒரு பதிவைத் தட்டி ஏற்றினேன். கால்மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. ரவிகுமார்தான். அவள் போனைக் கவுண்டரில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சிந்து, அந்தப் பக்கத்துல இன்னொன்னு போட்டிருக்கான் பாத்தியா? ஒரே மாதிரி ஏழு பேராம். அம்மா அத வாசிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை வரும்போது அந்த வீடியோவ டிவியில போட்டு, ஒன்னப் பக்கத்துல நிக்க வச்சுப் பாக்கணும்ங்கிறாங்க!"

நான் சரிக்கட்டிய அழகு அது. ஸாகி நானா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சிந்துஜா சிரிக்கவில்லை. கடைக்கு வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. அவள் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைக்கப் போய், அணைக்காமல் விட்டாள்.

"அது நான்தாங்க," என்றாள்.

"எது?"

"அந்த வீடியோவுல. அது பொலிவியா இல்ல. மஹய்யாவ."

"மஹய்யாவவுல நீ என்னா செஞ்ச?"

"அங்கதான் என் வீடு."

"அப்ப அம்பிட்டிய?"

"சின்னம்மா வீடு. நீங்க எறக்கிவிட்டுப் போனதும் பஸ்ல வந்துருவேன்."

நான் கையிலிருந்த சின்ன ஸ்க்ரூட்ரைவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தினமுமா?" என்றான் ரவிகுமார்.

"தினமும்."

"மழையிலயும்?"

"ம்."

"நான் பெறகு எடுக்குறேன் சிந்து," என்று வைத்துவிட்டான்.

அவள் இப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். நான் உட்கார முடியாமல் கவுண்டருக்கும் வாசலுக்கும் நடந்தேன். "அண்ணே, நீங்க நடக்குறதப் பாத்தா எனக்கு வாந்தி வருது," என்றாள். நின்றேன். நின்றால் கால் ஆடியது. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எனக்குச் செய்யத் தெரிந்ததோ ஒரே ஒரு வேலை. வீடியோவைச் சத்தத்தோடு மறுபடி ஏற்றி, 'இடம்: மஹய்யாவ, கண்டி. பொலிவியா என்று போட்டது என் பொய். கூரைமேல் நடப்பவர்கள் என் அக்கம்பக்கத்தவர்கள்' என்று எழுதி, போடுமுன் அவளிடம் காட்டினேன்.

வாசித்தாள். "பேரு வேணாம். மத்தது சரி," என்றாள்.

மாலைக்குள் அறுநூறு பேர் என் பக்கத்தைவிட்டுப் போனார்கள். போகும்போது ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மூன்று வார்த்தைகள் எனக்கே புதிது.

இரண்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போக வேண்டியவள் போகவில்லை. ஸாகி நானா வாங்கிக் கொடுத்த ரோல்ஸ் அப்படியே ஆறிப்போனது. மூன்று மணி. மூன்றரை. நாலேகாலுக்கு மெசேஜ் வந்தது. அவள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

'பெரியம்மா வரமாட்டாங்களாம். கோபம். அம்மா ரொம்ப நேரம் அழுதாங்க. பொய் சொன்னதுக்கு ஒன்ன நேர்ல ஏசணுமாம். ஒன் வீட்டுல வச்சுத்தான் ஏசுவாங்களாம். எத்தன படி எறங்கணும்? அவங்களுக்கு முழங்கால் வலி.'

"எத்தன படிண்ணே?" என்றாள்.

சீனாவில் எந்த மலைக்கு எத்தனை படி என்று என்னிடம் கேட்டிருக்கலாம். எங்கள் சந்தின் படியை நான் எண்ணியதே இல்லை. "எழுபது இருக்குமா?" என்றேன்.

"இருக்குமான்னு எழுத மாட்டேன். பொய் சொன்னது போதும்."

நானாவிடம் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மேல் ரோட்டில் இறங்கி எண்ணத் தொடங்கினேன். இருபத்து மூன்றில் பெரியதம்பி அண்ணன் எதிரே வந்து, "டேய் பொலிவியா, என் அலுமாரிக்கு விசா எடுத்தியாடா?" என்று கேட்டு எண்ணிக்கையைக் குலைத்தார். திரும்ப மேலே ஏறி ஒன்றிலிருந்து தொடங்கினேன். சிந்துஜாவும் பக்கத்தில் வாயசைத்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தொண்ணூற்று நான்கு. அவளுக்குத் தொண்ணூற்றாறு. உடைந்து கிடந்த இரண்டை நான் விட்டிருந்தேன்.

'தொண்ணூத்தாறு படி. ரெண்டு ஒடஞ்சிருக்கு. பாதியில தண்ணி பைப் பக்கத்துல உக்காரலாம்,' என்று எழுதி அனுப்பினாள். உடைந்த இரண்டை எனக்குக் காட்ட அவள் பாதிவரை திரும்ப ஏற்றியதில் எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அந்தப் பைப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். கீழே பாப்பம்மா அக்கா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பதில் வந்தது. 'அம்மா கேக்குறாங்க, உக்கார்ற எடத்துல வெயில் அடிக்குமா?'

சிந்துஜா அதை இரண்டு தடவை வாசித்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பகல் பதினோரு மணிக்கு இங்க வெயிலாண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடமாக இந்த வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன்.

"கொடையோட நான் நிக்கிறேன்னு எழுது," என்றேன்.