எச்சில் வடியாத காளை

லீவனுக்கு மாடுகளைப் பிடிக்கும். மாட்டுக்காரர்களைக் கண்டால் குமட்டும். முதுகில் பலகையும் கையில் சாயப்பெட்டியுமாக லெய் ஆற்றங்கரைப் பண்ணைகளில் இருபது வருடமாக அலைந்து, கால்நடைகளை வரைந்து வயிறு கழுவுகிறவன் அவன். போன இடமெல்லாம் ஒரே பல்லவிதான்: முதுகை நேராக்கு, தலையைச் சின்னதாக்கு, தொடையைப் பெருக்கு. அவனும் செய்வான். நாலு கால் முளைத்த பீப்பாய்கள் ஊர் ஊராகச் சுவரில் தொங்கின. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று காறித் துப்புவான்; துப்பிவிட்டுத் தூரிகையை எடுப்பான்.

அந்த வசந்தத்தில் செராபீன் ஆள் அனுப்பினான். சுற்றுவட்டாரத்திலேயே பெரிய பொலிகாளை அவனுடையது. வருடா வருடம் அதன் புதுப் படம், பண்ணையை ஒட்டிய சிடோனியின் பீர்க்கடையில் தொங்கும். படத்தைப் பார்த்துத்தான் ஊரார் பசுவை ஓட்டி வருவார்கள். பண்ணையாள் பசுவை உள்ளே கொண்டுபோவான். காரியம் முடியும்வரை சொந்தக்காரர்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். அந்த ஊரில் காளையைப் பார்த்தவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்களே அதிகம்.

லீவன் தொழுவத்துக்குள் நுழைந்தபோது காளை காலை மாற்றி மாற்றி வைத்தது. வாயோரத்திலிருந்து தரைவரை நூல் நூலாக எச்சில். உதட்டை விலக்கிப் பார்த்தான், உள்ளே கொப்புளம். மாட்டு மூஞ்சியையே பார்த்துக் கண் பூத்தவனுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"செராபீன், இது கோமாரி."

"சூடா கூழு குடிச்சிட்டான்யா."

"யாருகிட்ட கதை விடுறீரு? கதவைச் சாத்தும். ஒரு பசு உள்ள வரக் கூடாது."

"மெதுவாப் பேசும்!" செராபீன் பக்கத்தில் வந்தான். வாயில் வெங்காய நாற்றம். "ரெண்டு வாரத்துல சரியாப் போயிரும். பருவத்துக்கு வர்ற நேரத்துல கதவைச் சாத்தினா, அத்தனை பசுவையும் அக்கரைக்காரன் அள்ளிக்கிட்டுப் போயிருவான். அந்த எச்சிலை மட்டும் போடாதேயும். ஊருல இருக்கிற கோண முதுகையெல்லாம் நிமித்தினவரு நீரு. இது ஒரு பெரிய காரியமா?"

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அதற்குள் பன்றித் தொடையும் பீரும் முன்னால் வந்துவிட்டன. தங்கை ரொமானியின் ஞாபகம் வந்தது. விதவை, ஒரே ஒரு பசு, அது தரும் வெண்ணெயில்தான் அவள் அடுப்பு எரிகிறது. ஆனால் அவள் பசு வருடா வருடம் அக்கரைக் காளையிடம்தான் போகும். அப்புறம் நமக்கென்ன? அப்படித்தான் நினைத்தான், வெட்கங்கெட்டவன். காளையின் வாயை மெழுகித் துடைத்ததுபோல வரைந்தான். இறைச்சியில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

படம் கடையில் ஏறியது. லீவன் டீல்ட் ஊர்ப் பக்கம் ஆடு வரையப் போனான். எந்த ஆட்டின் வாயைப் பார்த்தாலும் அந்தக் காளையின் வாய்தான் தெரிந்தது. தன் கையை மோந்து பார்த்தால் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஐந்தாம் நாள் பொறுக்காமல் திரும்பி வந்தான்.

பீர்க்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரிடமும் பேசாமல் பெஞ்சில் ஏறி, காளையின் வாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்றைத் தரைவரை இழுத்தான். உதட்டில் சிவப்பாகப் புண்ணை வைத்தான்.

"ஐயய்யோ, நல்ல படத்தை நாசம் பண்றானே!" என்று சிடோனி கத்தினாள்.

"கோமாரி அதுக்கு! உங்க பசுவையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போங்க!"

கடையே சிரித்தது.

"என்ன லீவன், செராபீன் கூலியைக் குடுக்கலையா?"

"என் பன்னிக்கு இடுப்பு வச்ச ஆளு நீரு! உம்ம படத்துல எந்த மாடுய்யா நெசம், இது மட்டும் நெசமா இருக்க?"

மேசை துடைக்கும் துணியால் சிடோனி அழுத்தித் துடைத்தாள். ஈரச் சாயம் சுத்தமாகப் போய்விட்டது. காளையின் வாய் முன்பைவிடப் பளபளத்தது.

லீவன் ரொமானியின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். அவள் மரச்செருப்புச் சத்தத்தோடு எதிரே வந்தாள்.

"வாண்ணே. இப்பத்தான் மோர்க்கஞ்சி இறக்கினேன்." கிண்ணத்தில் ஊற்றினாள்.

"பசுவை எங்க ஓட்டப் போற இந்தத் தடவை?"

"ஓட்டியாச்சு! அக்கரை வரைக்கும் யாரு நடக்கிறது? கடையில உன் படத்தைப் பார்த்தேன். எங்கண்ணன் வரைஞ்ச காளையாச்சேன்னு புதன்கிழமையே முதல் ஆளாப் போயிட்டேன்." அவள் முகத்தில் அத்தனை பெருமை. "நேத்துலேருந்து அவளுக்கு வாய் ஊறிக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள மசக்கையாடின்னு பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்றா. வந்து பாரேன்."

தொழுவத்தில் பசு காலை மாற்றி மாற்றி வைத்தது. வாயோரம் நூல் தொங்கியது.

"இவளையும் ஒரு படம் போடுண்ணே," என்றாள் ரொமானி. "அந்த எச்சிலை மட்டும் போட்டுராத."

"அது மசக்கை இல்ல ரொமானி. கோமாரி. அந்தக் காளைக்கு இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அப்படி வரைஞ்சேன்."

அவள் பசுவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே போய், அவனுக்காக ஊற்றிய கஞ்சியைத் திரும்பப் பானையிலேயே கொட்டினாள்.