இறங்க மறுத்தவர்

ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி, பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் தொட்டு எனக்குக் களைப்புத்தான். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. அதில் கோடைச் சுற்றுலா வேறு. வயசானவர்களை ஹாம்பர்க் துறைமுகத்தில் படகேற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப பஸ்ஸில் ஏற்றவேண்டும். போதுமடா சாமி.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஃப்ராவ் ரோத்மான் என்ற மூதாட்டி மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இறங்க மாட்டேன்."

படகுக்காரன் முணுமுணுத்தான். என்னோடு வேலை செய்யும் ரஜிதனுக்கும் பொறுமை போய்விட்டது.

"குணேஸ்வரி அக்கா, நீங்கள் ஒரு கையைப் பிடியுங்கோ. தூக்கி இறக்குவம்."

"கையை எடு, ரஜிதன்!" என்று கத்தினேன்.

ஃப்ராவ் ரோத்மானுடைய கதையை அவரைக் குளிக்க வார்க்கும்போது கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உயிர் தப்பிய யூதர்கள் கப்பலேறிப் பாலஸ்தீனம் போனார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது அந்த நாட்டை ஆண்ட ஆங்கிலேயர் இறங்க விடவில்லை. வேறு கப்பல்களில் ஏற்றி, எந்த நாட்டில் சாவுக்குத் தப்பினார்களோ அந்த ஜெர்மனிக்கே, இதே துறைமுகத்துக்கே கொண்டுவந்தார்கள். இறங்க மறுத்தவர்களைச் சிப்பாய்கள் இழுத்து இறக்கினார்கள். அதில் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுமி இவர். படகுக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். கேட்டால்தானே!

இன்றைக்கும் இரண்டு பேர் இழுத்து இறக்குவதா? என் உயிர் போனாலும் விடமாட்டேன்.

அவருக்குப் பக்கத்தில் தொப்பென்று குந்தினேன். வேறொன்றும் தோன்றாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கள் ஊரில் வெளிக்கிடும்போது சகுனம் பிழைத்தால், திரும்பி வந்து குந்தியிருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவோம்."

"அப்படிச் செய்தால்?"

"முதல் புறப்பட்டது கணக்கில் இல்லை."

அவர் துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்றைக்கு இறங்கினோமே, அதுவுமா?"

"அதுவும்தான்" என்று அடித்துச் சொன்னேன்.

என் போத்தலை வாங்கி இரண்டு மிடறு குடித்தார். கம்பியை விட்டார்.

"யாரும் என்னைத் தொடக்கூடாது."

ஒருவரும் தொடவில்லை. பலகையில் ஒவ்வொரு அடியாக வைத்து, தானாகவே இறங்கிப் போனார்.

"அக்கா, பஸ் நிக்குது. வாறியளோ?" ரஜிதன் கரையில் நின்று கூப்பிட்டான்.

"ஓம், வாறன்" என்றேன். ஆனால் எழும்பவில்லை. போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை இருந்தபடியே குடித்து முடித்தேன். அதன் பிறகுதான் இறங்கினேன்.