எலிசேயோவின் கைக்குட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆளுநர் மாளிகைக்கு எதிரே, சதுக்கத்து மரங்களுக்கிடையே கொடிக்கயிறு கட்டி, பிள்ளைகளை இழந்த, தொலைத்த அம்மாக்கள் நாங்கள் கைக்குட்டைகளைத் தொங்கவிடுவோம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கொல்லப்பட்டவர்களுக்குச் சிவப்பு நூல், காணாமல் போனவர்களுக்குப் பச்சை. போகிறவர் வருகிறவர் யாரும் உட்கார்ந்து நாலு தையல் போடலாம். அவர்கள் போனதும் கோணல் தையலையெல்லாம் நான் பிரித்துவிடுவேன். என் குணம் அப்படி.

என் மகன் எலிசேயோ ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யப் போனவன். மூன்று வருடமாகத் திரும்பவில்லை. அவன் பெயர் பச்சையில்தான் இருக்கிறது. "சிவப்புக்கு மாத்திடுங்கம்மா, மனசு ஆறிடும்" என்று ஓர் அதிகாரி சொன்னபோது வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன்.

அன்று காற்றில் துணிகள் மெல்ல ஆடின. ஊதாப் பூக்கள் மடியில் உதிர, கண் செருகியது. எலிசேயோ வந்து பின்னால் நின்றான்.

"என் பேரு ஏம்மா இவ்ளோ குண்டா இருக்கு?"

"நீ தின்ன தீனிக்கு வேற எப்படிடா இருக்கும்?"

"யாருகூடடி பேசுற?" தோழி ஒத்திலியா விலாவில் இடித்தாள். "ஊசியக் கண்ணுல குத்திக்காத."

விழித்தேன். எதிரே ஓர் ஆள், தொப்பியைக் கையில் பிடித்தபடி கொடியில் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தான். எலிசேயோவின் கைக்குட்டையை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக் கோத்தான்.

"தம்பி, அவனுக்குப் பச்சை. சிவப்பு செத்தவங்களுக்கு."

"தெரியும்மா."

தலை நிமிரவில்லை. பெயருக்குக் கீழே தைத்தான். இறக்கை ஒடிந்த ஒரு காற்றாலை. அதனடியில் ஒரு கிணறு. கிணற்றோரம் சின்னச் சிலுவை. வடக்கே போகும் சாலையில் அந்தக் காற்றாலையைப் பேருந்து ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

துணியை என் மடியில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்து போனான்.

"யாருடி அவன்? பிடிக்கட்டுமா?" என்றாள் ஒத்திலியா.

நான் துணியை மடியில் விரித்துப் பார்த்தேன். தையல் படுகோணல். பழக்கத்தில் கை கத்தரிக்கோலை எடுத்துவிட்டது. கீழே வைத்தேன்.

பச்சை எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினேன்.

"ஒத்திலியா, சிவப்பு நூலக் குடு. பேர நான்தான் தைக்கணும்."