ஏழாவது சீட்டு

தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? அந்த ஆஸ்பத்திரியில பயிற்சி டாக்டருங்க மாசக் கடைசியில நோயாளிங்களைப் பார்த்துத் தாங்க எழுதின பத்து சீட்டை எடுத்துத் தாங்களே திருத்தணும். நம்ம சின்ன டாக்டரம்மா இருக்காங்களே, அடுத்தவங்க சீட்டுன்னா பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாங்க. தன்னோடதை மட்டும் டீயை ஆத்திக்கிட்டே புரட்டினாங்க.

ஏழாவது சீட்டுல கை நின்னுடுச்சு. ஒரு தையல்காரர். நாலு நாளைக்கு முன்னாடி படியில வழுக்கித் தலையில அடி. நல்லாத்தான் பேசினாரு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பியாச்சு. ஆனா, ‘இப்போது சாப்பிடும் மருந்துகள்’ங்கிற கட்டம் காலி. பழைய ஃபைலைத் தேடி எடுத்தா, ரெண்டு வருஷமா இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு! அப்படிப்பட்டவருக்கு அடிபட்ட இடத்துல உள்ளுக்குள்ளயே ரத்தம் மெதுவாக் கசியலாம். ஸ்கேன் எடுக்காம அனுப்பவே கூடாது. டாக்டரம்மா டீயைத் தள்ளி வெச்சுட்டு ஃபைல்ல அவர் நம்பரைத் தேடினாங்க.

போன் பண்ணினாங்க. அவர் சம்சாரம்தான் எடுத்தாங்க.

“அவரா? தூங்குறாரும்மா. நானும் எவ்வளவு நேரமா எழுப்புறேன், அசையமாட்டேங்குறாரு.”

டாக்டரம்மாவுக்குப் பாதி உயிர் போயிடுச்சு. “ஆம்புலன்ஸ் அனுப்புறேன்! போனை வைக்காதீங்க, அவரை உலுக்கிப் பாருங்க!”

தடதடன்னு சத்தம். அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல். “அடியே, உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு நாளாக் கண்ணு மூடாம யூனிஃபார்ம் தச்சுக் கொடுத்துட்டு இப்பத்தானே படுத்தேன்!”

அவ்வளவு இனிப்பான திட்டை டாக்டரம்மா வாழ்க்கையில கேட்டதில்ல. ஆனாலும் விடலை. ஒரு மணி நேரத்துல ஆளை வரவழைச்சு ஸ்கேன் எடுத்தாச்சு. உள்ளே ஒண்ணுமே இல்ல, சுத்தம். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்துச்சு.

“தப்பு என்னோடதுதாங்க. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு அன்னிக்கு நான் கேக்கவே இல்ல.”

தையல்காரர் தலையைச் சொறிஞ்சாரு. “நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்மா. நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டே ‘சரி, சரி’ன்னீங்க. டாக்டருக்குத் தெரியாததான்னு நானும் விட்டுட்டேன்.”

டாக்டரம்மாவுக்குச் சுருக்குன்னுது. பேனாவை மூடி வெச்சாங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிர்ல உக்காந்தாங்க.

“இப்ப சொல்லுங்க.”

மனுஷன் மாத்திரையில ஆரம்பிச்சு, மூட்டுவலி வழியாப் போயி, மச்சான் கல்யாணத்துல நடந்த சண்டை வரைக்கும் சொன்னாரு. டாக்டரம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசலை.