கண்ணை மூடலாம் என்றார் டாக்டர்

1

இந்தக் கதையை நான் கண் ஆஸ்பத்திரியில் பொறுக்கினேன். என் முறைக்குக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிகளில் ஒரு தச்சரும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேளுங்கள், என் கண்ணுகளா—

(இந்தக் கதையில் அப்படிக் கூப்பிடக் கூடாது. அடித்துவிட்டேன்.)

2

மரம் அறுக்கும்போது சிராய் ஒன்று தெறித்தது. கண் இமைக்கும் நேரத்தில்...

(வேண்டாம். இமைத்திருந்தால்தான் ஒன்றும் ஆகியிருக்காதே.)

இடது கருவிழியில் பூஞ்சை பிடித்துவிட்டது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டும் புண் ஆறவில்லை. இன்னும் உள்ளே இறங்கினால் கண்ணையே எடுக்க வேண்டிவரும்.

3

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"கண்ண மூடிடலாம்னாங்க."

"வாயக் கழுவுங்க!"

"அடியே, முழுசாக் கேளு. வெள்ளை முழி மேல இருக்கற தோலை இழுத்து கருவிழிய மூடித் தச்சிருவாங்களாம். புண்ணு ஆறிடும், கண்ணு தங்கும். பார்வைதான் இருக்காது."

"வேற வழியே இல்லியா?"

"கெட்டத வட்டமா வெட்டி எடுத்துட்டு இன்னொருத்தர் கருவிழிய வச்சுத் தைக்கலாம். பார்வை வந்தாலும் வரும். பூஞ்சை திரும்பி வந்தா கண்ணே போயிடும்."

"இன்னொருத்தரோடதா? அப்ப அவங்களுக்கு?"

"அவங்க நிஜமாவே மூடிட்டாங்க."

(இந்த இடத்தில் மனைவியை அழவைக்கப் பார்த்தேன். அவள் மறுத்துவிட்டாள்.)

"அவங்களாவது கோணல் தெரிஞ்சவங்களா இருக்கட்டும். ரெண்டு கண்ணு இருந்தப்பவே நம்ம வீட்டுக் கதவ நீங்க கோணலாத்தான் மாட்டினீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மூடியே தச்சிரட்டும். பலகை நேரா இருக்கான்னு பார்க்க எப்படியும் ஒரு கண்ண மூடத்தானே செய்யறேன்."

"அது நீங்களா மூடறது. திறந்துக்கலாம்."

தச்சர் எழுந்து டாக்டர் அறைக்குப் போய், "மாத்தியே வச்சிடுங்கம்மா," என்றார்.

4

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது இரண்டு நாற்காலியும் காலி. இனி எல்லாம் என் கற்பனை.

முடிவு ஒன்று: ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரிக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் கதவின் கோணல் அவருக்கே தெரிகிறது. மனைவி ஜெயிக்கிறாள்.

முடிவு இரண்டு: பூஞ்சை திரும்பி வந்து...

(என்னால் இதை எழுத முடியவில்லை. முதலாவதை நம்பவும் துணிச்சல் இல்லை.)

5

ஆகவே அவரைக் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறேன். கட்டு அப்படியே இருக்கிறது. மனைவி அவருக்கு நேர் எதிரே, முதலில் தன் முகம்தான் அந்தக் கண்ணில் படவேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிரிக்க வேண்டியது நீங்கள். ஓரத்தில் பிளாஸ்திரி கொஞ்சம் ஒட்டியிருக்கும், மெதுவாக எடுங்கள்.

முதலில் போய்க் கையைக் கழுவிவிட்டு வாருங்கள், கண்ணுகளா.