லென்னெ ஓடும் பக்கம்

நகுலேஸ்வரன் அந்தக் கதையைத் தொடங்கினால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் கையை நிறுத்திவிடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே கதைதான், ஒரே ஒழுங்கில்தான். தொண்ணூற்றோராம் ஆண்டு கார்த்திகை மாதம். ஜெர்மனியில் மலைகளுக்கு நடுவே பிளெட்டன்பேர்க் என்ற சின்ன ஊர். அங்கே அகதிகளுக்கான விடுதியில் அவரும் இரவிச்சந்திரனும் ஒரே அறை. பின்னேரம் லென்னெ ஆற்றின் நடைபாலத்தில் நின்றபோது இரவியின் கையுறை தவறி விழுந்தது. எட்டிப் பிடிக்கப் போனவன் ஆற்றுக்குள் போனான். நகுலேஸ்வரன் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் குதித்தார்.

"கொலரைப் பிடிச்சிட்டன். தண்ணியெண்டால் ஐஸ். கை விறைச்சுப்போச்சு. விட்டிட்டன்."

இந்த இடத்தில் தன் வலது உள்ளங்கையைப் பார்ப்பார். பிறகு, பிணம் அடுத்த நாள் ஃபின்னன்ட்ரோப் என்ற ஊரில் ஒதுங்கியதைச் சொல்லி முடிப்பார். எல்லாரும் அவர் மனைவி சிவநேசத்தைப் பார்ப்பார்கள்.

இரவிச்சந்திரன் அவளுடைய முதல் புருஷன். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகுமுன்னே வெளிநாட்டுக்குப் போனவன், திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் இருபத்திமூன்று வயதில் பொட்டை அழித்துவிட்டு இருந்தவளை, ஜெர்மனியிலிருந்து கனடாவுக்கு மாறியிருந்த நகுலேஸ்வரன் தேடிப்பிடித்து, கொழும்புக்கு வரச்சொல்லி, தொலைபேசியில் பேசிப் பேசி, மொன்றியலுக்கு எடுத்துக் கலியாணம் முடித்தார். சிநேகிதனைக் காப்பாற்ற ஆற்றில் குதித்த மனிதன், அவன் பெண்சாதியையும் கைவிடவில்லை என்று கோயிலிலும் மண்டபங்களிலும் பெயர் எடுத்தார். சிவநேசமும் அப்படித்தான் நம்பினாள். அவர் குடித்துவிட்டுக் கறிச்சட்டியைச் சுவரில் எறிந்த நாட்களில், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, இந்தக் கைதானே இரவியின் கொலரைப் பிடித்தது என்று நினைத்துக் கோபத்தை விழுங்கினாள். அவளுடைய பொறுமை முழுவதும் அந்த ஒரு குதிப்பின் மேலேதான் நின்றது.

மகள் சாம்பவிக்குப் பார்த்த பெடியன் யதுர்ஷன், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக அவர்களின் புரோசார்ட் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவன், வேலைக்காக மொன்றியலுக்கு வந்தவன் என்பது மட்டும்தான் வீட்டாருக்குத் தெரியும். இடியப்பமும் கோழிக்கறியும் சொதியும் மேசையில் இருந்தன.

"அப்பா, யதுவுக்கு அந்த ஆத்துக் கதையைச் சொல்லுங்கோ," என்றாள் சாம்பவி.

நகுலேஸ்வரன் சொன்னார். உள்ளங்கையைப் பார்த்தார். முடித்தார்.

யதுர்ஷனின் கண்கள் விரிந்திருந்தன. "மாமா, பிளெட்டன்பேர்க்கோ? நான் வேர்டோல்! அதுக்கு அடுத்த ஊர். லென்னெ எங்கட வீட்டுக்குப் பின்னாலைதான் ஓடுது!"

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேசை விரிப்பில் விரலால் ஆற்றை வரையத் தொடங்கினான். அப்பாவோடு சைக்கிளில் ஊற்றுவாயிலிருந்து கடைசி வரை போயிருக்கிறானாம். காலர் ஆஸ்டன் என்ற மலையின் உச்சிக்குக் கிட்ட, புல்லுக்குள்ளே கல் கட்டிய ஒரு சின்னக் குழி. கோடையில் சிலவேளை அதில் சொட்டுத் தண்ணீரும் இருக்காது. அங்கிருந்து இறங்கி, பள்ளத்தாக்குகளைப் பொறுக்கிப் பொறுக்கி, ஒரு மலையைச் சுற்றி அடுத்த மலையில் முட்டி, வடமேற்கே போகிறது. "இந்த இடத்திலை பிக்கெ எண்டு இன்னொரு ஆறு வந்து சேரும். அதுக்குப் பிறகுதான் லென்னெ கொஞ்சம் பெருசு. பிறகு பிளெட்டன்பேர்க். பிறகு எங்கட வேர்டோல், அங்கை பாம்பு மாதிரி வளையும். பிறகு அல்டேனா, மேலை கோட்டை, கீழை கம்பி இழுக்கிற பக்டரியள். கடைசியிலை ரூர் ஆத்துக்குள்ளை விழுந்திடும்."

விரல் திடீரென்று நின்றது.

"ஆனா மாமா, பிக்கெ வந்து சேருற இடம்தான் ஃபின்னன்ட்ரோப். அது மேலை எல்லோ இருக்கு. பிளெட்டன்பேர்க்கிலை விழுந்தவர் என்னெண்டு ஃபின்னன்ட்ரோப்பிலை..."

ஆறு மேல்நோக்கி ஓடாது என்பதை அவன் சொல்லாமலே விட்டான். மரியாதைக்காரப் பெடியன்.

நகுலேஸ்வரன் சிரித்தார். "முப்பது வருசமாச்சுத் தம்பி. ஊர்ப் பேரெல்லாம் மாறுப்பட்டுப்போச்சு. சொதி விடும்."

யதுர்ஷனும் சிரித்துவிட்டுச் சொதி விட்டுக்கொண்டான். சாம்பவி வேறு கதைக்குப் போனாள். சிவநேசம் மட்டும் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பேரும் அவருக்கு மாறுப்படுகிறதில்லை. ஊரில் கூடப் படித்தவர்களின் தகப்பன்மார் பேரைக்கூட இன்னும் சொல்லுவார். பிணம் கிடந்த ஊரை அவரால் மாற்ற முடியாது. அது பொலிஸ் சொன்னது, சாம்பல் வந்த பெட்டியோடு ஊருக்கும் வந்து சேர்ந்த பெயர். மாற்றக்கூடியது விழுந்த இடம் மட்டும்தான். இத்தனை வருடம் அந்தக் கதையைக் கேட்டவர்களில் ஒருவருக்காவது அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்திருக்கவில்லை. அவளுக்கும்தான்.

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில்தான் அவளுக்கு வேலை. அந்தக் கிழமை முழுவதும் தட்டுகளில் பாணும் பட்டரும் வைத்துக்கொண்டே அதையே யோசித்தாள். சனிக்கிழமை நகுலேஸ்வரன் அவளை மரக்கறி வாங்க ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காரை நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை.

"எந்த இடத்திலை விழுந்தவர்?"

அவர் எந்த இடம், யார் என்று கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு கிழவன் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஃபின்னன்ட்ரோப் தாண்டித்தான்," என்றார். "அது வேற மாவட்டம். எங்களுக்கு எங்கட மாவட்டத்தைத் தாண்டக்கூடாது எண்டு சட்டம். கிறிஸ்மஸ் மரம் வெட்டுற வேலைக்குக் களவாய்ப் போனாங்கள். திரும்பேக்கை ரோட்டாலை வந்தால் பொலிஸ் பிடிக்கும் எண்டு ஆத்தங்கரையாலை வந்தம். சறுக்கி விழுந்தான். கால் கல்லுக்குள்ளை போய் முறிஞ்சிட்டுது."

"நீங்கள் குதிச்சனீங்களோ?"

"இல்லை."

"கொலரைப் பிடிச்சது?"

"உனக்காகச் சொன்னது. நான் குதிச்சனான் எண்டபடியால்தானே நீ ஓம் எண்டனி?"

"நீங்கள் விட்டிட்டு வரேக்கை உயிரோடையோ இருந்தவர்?"

"ஓம். ஒரு வேரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவன். கத்தினவன்."

"என்னெண்டு?"

"என்ரை பேரைச் சொல்லித்தான். வேறை ஆரை அங்கை தெரியும் அவனுக்கு?" அவர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. நெடுநாள் சுமந்ததை இறக்கி அவள் மடியில் போட்டுவிட்டவரின் ஆறுதல்தான் இருந்தது. "உன்ரை பேரையும் சொன்னவன் எண்டு சொன்னால் உனக்குச் சந்தோசமாய் இருக்குமோ? சொல்லேல்லை."

அவள் கதவின் கைபிடியைப் பற்றிக்கொண்டாள்.

"ஆளைக் கூப்பிட்டிருந்தால் ரெண்டுபேரையும் பிடிச்சிருப்பாங்கள். என்ரை அகதிக் கேஸ் அடுத்த கிழமை. திருப்பி அனுப்பியிருந்தால் நான் எங்கை? நீ எங்கை? இந்த வீடு, சாம்பவி, உன்ரை தலைமயிருக்குப் பூசியிருக்கிற அந்த மை... அவன் செத்தபடியால்தான் எல்லாம். நல்லாய்ச் சாப்பிட்டுப்போட்டு இப்ப சட்டியைப் பிழை சொல்லாதை. இறங்கு, வெண்டிக்காய் முடிஞ்சிடும்."

அவள் இறங்கினாள். வெண்டிக்காயும் வாங்கினாள். விற்ற பிரெஞ்சுக்காரப் பெண்ணுக்கு மெர்சி என்றும் சொன்னாள். அன்றைக்குத் தன்னால் எப்படி நடக்க முடிந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள்.

மகளிடம் சொல்லலாம் என்று ஒரு நாள் வாயெடுத்தாள். சாம்பவி கலியாண மண்டபத்துக்குப் பூ தெரிவுசெய்துகொண்டிருந்தாள்.

"உன்ரை அப்பா அந்தக் கதையிலை பொய் சொல்லியிருந்தால்?"

"அம்மா, ப்ளீஸ்." சாம்பவி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா அதாலை எவ்வளவு கஷ்டப்பட்டவர் எண்டு எனக்குத் தெரியும். உங்கட பழைய ஆளை எனக்குத் தெரியாது. எனக்கு இவர்தான் அப்பா. என்ரை கலியாணத்துக்குள்ளை அந்தாளைக் கொண்டுவராதேங்கோ."

பழைய ஆள். சிவநேசம் எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்த நாளுக்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை.

சித்திரையில் யதுர்ஷன் சொந்தக்காரருக்குக் கலியாணம் சொல்ல ஜெர்மனிக்குப் போனான். அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்த ஆற்றங்கரையைப் போனில் காட்ட முடியுமா? அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் மாமி என்றான். ஒரு ஞாயிறு காலை அழைப்பு வந்தபோது நகுலேஸ்வரன் சாய்மனையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவள் போனைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"மாமா சொல்லுவார், எந்த இடமெண்டு. ஃபின்னன்ட்ரோப் பக்கம்தானாம், இப்ப ஞாபகம் வந்திட்டுது."

திரையில் ஆறு பழுப்பு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மலைகள் மொட்டையாகத் தெரிந்தன. வண்டு விழுந்து ஊசியிலை மரங்களெல்லாம் பட்டுவிட்டன என்று யதுர்ஷன் சொன்னான்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றார் நகுலேஸ்வரன்.

"விளங்கும். யது, அப்பிடியே கரையாலை நடவும் தம்பி."

யதுர்ஷன் நடந்தான். ஒரு ரயில் பாலம் போனது. ஒரு மேய்ச்சல் வெளி போனது. ஆறு இடது பக்கம் திரும்பும் இடத்தில் நகுலேஸ்வரன் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "உதிலை," என்றார், தன்னை அறியாமல்.

"இதிலையோ மாமா?" யதுர்ஷன் சரிவில் இறங்கினான். "இதிலை இறங்கி நிக்கலாம் மாமி. தண்ணி முழங்கால் மட்டும்தான் வரும்."

"கார்த்திகையிலை தண்ணி கூடுதலாய் வரும்," என்றார் நகுலேஸ்வரன் அவசரமாக.

"பின்னாலை என்ன இருக்கு தம்பி? திருப்பிக் காட்டும்," என்றாள் சிவநேசம்.

படம் சுழன்றது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக ஒரு வீடு, மேட்டில், கல் எறிந்தால் விழும் தூரத்தில் நின்றது. முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் யதுர்ஷனைப் பார்த்துக் கையசைத்தாள்.

"பழைய வீடோ?"

"ஓம் மாமி, இப்பிடி வீடெல்லாம் நூறு நூற்றைம்பது வருசம்."

"இதிலை நிண்டு கத்தினால் அங்கை கேக்குமோ?"

யதுர்ஷன் பாவம், நல்ல மனதோடு சிரித்தான். "கத்தத் தேவையில்லை மாமி. நான் உங்களோடை கதைக்கிறதையே அவ கேட்டுக்கொண்டு நிக்கிறா."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். நகுலேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லுவன்," என்றாள். "சாம்பவிக்கும் சொல்லுவன், யதுவுக்கும் சொல்லுவன், கோயில் சனத்துக்கும் சொல்லுவன். எப்ப எண்டு எனக்கே தெரியாது. பத்து வருசம் போனாலும் போகும். நாளைக்கே எண்டாலும் சொல்லுவன்."

அதன்பிறகு வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை. அவள் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், அவருடைய நீரிழிவு மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், அவருடைய கண் அவள் வாயிலேயே நிற்கும். அவள் "இஞ்ச, ஒரு விசயம் சொல்ல வேணும்" என்று வந்தவர்களிடம் தொடங்குவாள். அவர் எச்சிலை விழுங்குவார். அவள் கடையில் அரிசி மலிந்திருப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு அவரைப் பார்ப்பாள். இதில் அவளுக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. அது நல்ல ருசி இல்லை என்று தெரிந்தும் விட முடியவில்லை.

ஆனி மாதம் கலியாணத்தில், மணமகளின் தகப்பன் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் அவள் பட்டுச்சேலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நகுலேஸ்வரன் "எல்லாருக்கும் வணக்கம்" என்றார், பிறகு ஒன்றும் வராமல் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார். மகளைப் பிரியும் துக்கம் என்று சனம் கைதட்டியது.

இலையுதிர்காலம் வரும்போது அவர் பாதியாகிவிட்டார். நித்திரை இல்லை. ஒரு நாள் அவள் காலைப் பிடித்தார். "சொல்லிப்போடு நேசம். சொல்லி முடி. உப்பிடி என்னைக் கொல்லாதை."

"பேந்து பாப்பம்," என்றாள் அவள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் சாம்பவியும் யதுர்ஷனும் சாப்பிட வந்திருந்தார்கள். சாம்பவி பிள்ளை உண்டாகியிருந்தாள். அந்தச் சேதியைச் சொல்லத்தான் வந்தார்கள். சிவநேசம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நகுலேஸ்வரன் திடீரென்று மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார்.

"பிள்ளை, நான் குதிக்கேல்லை."

சாம்பவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னப்பா?"

"ஆத்திலை நான் குதிக்கேல்லை. அவன் உயிரோடை கிடந்தவன். என்ரை பேரைச் சொல்லிக் கத்தினவன். நான் விட்டிட்டு வந்திட்டன். ஒரு வீடு இருந்தது, வெளிச்சமும் எரிஞ்சது..." சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. அந்த வருடத்தில் முதல்தடவையாக அவருக்கு மூச்சு நேராக வந்தது.

சிவநேசம் அதைக் கண்டாள். அவர் இதைச் சொல்லி முடித்துவிட்டு அழுவார், மகளும் அழுவாள், பிறகு மகள் அவரைக் கட்டிப்பிடித்து மன்னிப்பாள், அவர் இரவில் நித்திரை கொள்ளுவார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரிடம் போய் நெற்றியில் கையை வைத்தாள்.

"சீனி இறங்கிப்போச்சு," என்றாள். "வேர்த்திருக்கு, பாருங்கோ. யது, பிரிஜ்ஜுக்குள்ளை தோடம்பழ ஜூஸ் இருக்கு, எடுத்துக்கொண்டு வாரும் தம்பி."

"சீனி இல்லை! நேசம், நீ சொல்லு! உனக்குத் தெரியும்!"

"கொஞ்ச நாளாய் இப்பிடித்தான் பிள்ளை. உனக்குச் சொன்னால் பயப்படுவாய் எண்டு சொல்லேல்லை. நேற்றுத் தன்ரை அம்மா வந்து கதவைத் தட்டுறா எண்டவர். முந்தநாள் தானும் அந்த ஆத்திலை செத்துப்போனன் எண்டவர்."

"பொய்! பொய் சொல்லுறாள்!" அவர் மேசையில் அடித்தார். ஒரு தட்டு உருண்டு விழுந்தது. சாம்பவி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். யதுர்ஷன் ஜூஸோடு ஓடிவந்து, அவருடைய தோளை மெல்லப் பிடித்து உட்காரவைத்தான். "மாமா, மாமா, நீங்கள் குதிச்சனீங்கள். எங்கள் எல்லாருக்கும் தெரியும். குடியுங்கோ."

நகுலேஸ்வரன் சிவநேசத்தைப் பார்த்தார். இனிமேல் எந்த நாளும் எதைச் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை என்பது அவருக்கு விளங்கியது. அது விளங்குவதை அவள் நின்று பார்த்தாள். சாம்பவி அழுதபடியே கோப்பையை அவர் வாயில் வைத்தாள். அவர் குடித்தார். நாடியில் வழிந்ததைச் சிவநேசம் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"ஞாபகத்துக்குப் பாக்கிற டொக்டரிட்டை உடனை காட்டவேணும் அம்மா," என்றாள் சாம்பவி.

"ஓம் பிள்ளை, காட்டுவம்," என்றாள் சிவநேசம். "நீ இரு, சாப்பிடு. இப்ப நீ பசி கிடக்கக்கூடாது."